காலாங்கில் எச்/வி அளவீடு: இரண்டு உச்சம் வருகிறது, எதை எடுப்பது?

காலாங்_மாணவன்
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காகக் சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரத் திடலில் நிலத்தின் இயல்பான நுண்ணதிர்வைப் பதிவு செய்தேன். மூன்று திசை ஜியோஃபோன் (நில அதிர்வு உணரி), சொந்த அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். கிடைமட்ட அதிர்வுக்கும் செங்குத்து அதிர்வுக்குமான விகிதத்தை (எச்/வி) வரைந்தால் 1.1 ஹெர்ட்ஸில் அகலமான உச்சம், 1.9-ல் அதைவிட உயரமான, ஒடுங்கிய உச்சம். பக்கத்து போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கத் துளைத்த குழி) பதிவில் 30 மீட்டர் வரை மரைன் கிளே (மென்மையான கடல் களிமண்), அதற்குக் கீழே கெட்டியான பழைய வண்டல். மண்ணின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணாக உயரமானதைத்தானே எடுக்க வேண்டும்?

தோபாயோ_அண்ணன்
தம்பி, உயரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விகித வளைவை ஓரமாக வைத்துவிட்டு மூன்று திசை நிறமாலைகளையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வளைவு) ஒரே படத்தில் தனித்தனியாக வரையுங்கள். மூன்றிலுமே 1.9-ல் கூர்முனை நின்றால் அது ஏதோ இயந்திரம். பக்கத்தில் பம்ப் அறை, கட்டுமானத் தளம் எதுவும் உண்டா? மண்ணின் ஒத்ததிர்வாக இருந்தால் அந்த இடத்தில் செங்குத்துக் கோடு பள்ளமாக இறங்கும், கிடைமட்டக் கோடுகள் மேலே நிற்கும். அப்புறம், வளைவை மென்மையாக்கும் அளவைக் குறைத்துப் பாருங்கள். இயந்திர உச்சம் இன்னும் கூர்மையாகும். எச்/வி அளவீட்டுக்காக 2004-ல் வந்த ஐரோப்பிய செசேமி வழிகாட்டி இந்த இரண்டு சோதனைகளையும் சொல்கிறது.

கணக்கையும் பாருங்கள். அடிப்படை அதிர்வெண் என்பது மண்ணில் எஸ் அலை (பக்கவாட்டில் அசைக்கும் அதிர்வலை) செல்லும் வேகத்தை நான்கு மடங்கு தடிமனால் வகுத்தது. 30 மீட்டருக்கு 1.1 என்றால் வேகம் நொடிக்கு சுமார் 130 மீட்டர், மரைன் கிளேக்குப் பொருத்தமானது. 1.9 என்றால் 228. அவ்வளவு கெட்டியான மரைன் கிளே அங்கே இருக்க வாய்ப்பு குறைவு.

சென்சார்_பிரியை
4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனில் 1.1 ஹெர்ட்ஸைப் படிக்கிறீர்கள், 4.5-க்குக் கீழே அதன் உணர்திறன் குறையும், அதையும் கவனியுங்கள். மூன்று கருவிகளும் ஒரே மாதிரி இருந்தால் உணர்திறன் குறைவு விகிதத்தில் அடிபட்டுப் போகும். ஆனால் கருவியின் சொந்த இரைச்சல் அடிபடாது. முடிந்தால் குறைந்த அதிர்வெண் சென்சார் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மரத்தடியும் வேண்டாம், காற்றில் வேர் அசைந்தாலே கீழ்ப்பகுதி கெட்டுவிடும்.

புதுவரவு
ஒரு அடிப்படைச் சந்தேகம். சிங்கப்பூரில் நிலநடுக்கமே கிடையாதே, இது எதற்கு?

காலாங்_மாணவன்
இங்கே உருவாகாது, ஆனால் வந்து சேரும். 2007 மார்ச் 6 அன்று மேற்குச் சுமத்ராவில் 6.4, 6.3 அளவில் அடுத்தடுத்து நிலநடுக்கம். இங்கே உயர்மாடிகளில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து கீழே இறங்கினார்கள். இவ்வளவு தூரம் வருவதற்குள் வேகமான அதிர்வுகள் தேய்ந்துபோய், மெதுவானவைதான் மிஞ்சும். மென்மையான களிமண் அவற்றைத்தான் பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரத்தில் நடந்ததும் அதுவே: மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், அழிவோ பழைய ஏரிக் களிமண் மேல்.

தோபாயோ_அண்ணன்
சரியாகச் சொன்னீர்கள். 1.1 ஹெர்ட்ஸ் என்றால் 0.9 நொடி அலைவு. மாடிக்கு 0.1 நொடி என்ற தோராயத்தில் ஒன்பது, பத்து மாடிக் கட்டடத்தோடு ஒத்துப்போகிறது. நம் வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகளில் பல அந்த உயரம்தான். சுவர் அதிகமுள்ள கட்டடம் இன்னும் விறைப்பாக இருக்கும், அதனால் இதை முடிவாக எடுக்க வேண்டாம். ஆனால் இந்த அளவீடு ஏன் முக்கியம் என்பதற்கு இது போதும்.

காலாங்_மாணவன்
நன்றி அண்ணே. வரைந்து பார்த்தேன், 1.9-ல் மூன்று திசையிலும் கூர்முனை. 1.1-ல் செங்குத்து இறங்குகிறது. இப்போது போர்ஹோல் இல்லாத பக்கங்களிலும் தடிமனைக் கணக்கிடலாமா?

தோபாயோ_அண்ணன்
ஒரே உச்சத்தை வைத்து வேகம், தடிமன் இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். சுத்தியல் அடித்து எடுக்கும் மேற்பரப்பு அலை முறை பெரும்பாலும் 10, 15 மீட்டரோடு நின்றுவிடும். 30 மீட்டருக்கு நுண்ணதிர்வையே பல சென்சார்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் வட்ட அணிதான் சரி. 1957-ல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் அகி முன்வைத்த முறை அது.

இன்னொன்று. காலாங் களிமண் கிடப்பது, கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் அரித்த பள்ளங்களில். கொஞ்ச தூரத்திலேயே தடிமன் சட்டென்று மாறும். பள்ளத்தின் ஓரத்தில் உச்சம் அகன்று தட்டையாக வந்தால், அந்தப் புள்ளிக்கு நான்கு மடங்கு சூத்திரத்தைப் போடாதீர்கள். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போனால் மேலே கடலைத் தூர்த்த மணல், கீழே களிமண். மேல்பகுதி கெட்டியாக இருப்பதால் விகிதம் 1-க்குக் கீழே இறங்கலாம். அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காலாங்_மாணவன்
வட்டத்தின் அளவு?

தோபாயோ_அண்ணன்
விட்டம் 30, 40 மீட்டராவது இருக்கட்டும், நடுவில் ஒரு சென்சார். ரயில் ஓடாத பின்னிரவில் பதிவு செய்யுங்கள்.