ஒனைடா கைவினைப் பட்டறைகளுக்குப் போனவர்கள் உண்டா?

சிரக்யூஸிலிருந்து:

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதிதான் ஒனைடா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பூர்வீக மண். இரோக்வாய் என்று வெளியார் எழுதும் ஹோடினோஷோனி கூட்டமைப்பின் ஆறு தேசங்களில் அவர்களுடையதும் ஒன்று. 1993-இல் ஆணியே அடிக்காமல் வெள்ளைப் பைன் மரங்களைக் கோத்துக் கட்டிய ஷாகோவி பண்பாட்டு மையம் அங்கே இருக்கிறது. பொதுமக்களுக்கு அவர்கள் கைவேலை கற்றுத்தருவதைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை என்பதால் நானே தொடங்குகிறேன்.

மகளோடு மக்காச்சோள மட்டையில் பொம்மை செய்யக் கற்றேன். காய்ந்த மட்டை ஊறியதும் துணிபோல மடங்குகிறது. நாலைந்தை அடுக்கி ஒரு முனையில் கட்டி, மறுமுனைகளை அந்தக் கட்டின் மேலேயே மடித்து இழுத்துக் கழுத்தில் நூல் சுற்றினால் தலை வந்துவிடும். ஒரு மட்டையைச் சுருட்டிக் குறுக்கே செருகினால் இரண்டு கைகள். இடுப்பில் ஒரு கட்டு. கீழே தொங்குவது பாவாடை. மகள் கண் வரையப் பேனாவைத் திறந்தாள். சொல்லிக்கொடுத்த பாட்டி மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பொம்மைக்கு ஏன் முகமில்லை என்ற கதையைச் சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படைக்கப்பட்ட பொம்மை அது. தண்ணீரில் தன் அழகைப் பார்த்து மயங்கி வேலையை மறந்தது, எச்சரித்தும் கேட்கவில்லை. படைத்தவர் அதன் முகத்தை எடுத்துக்கொண்டாராம். மகள் பேனாவை மூடிவிட்டாள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இதே பொம்மையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ரோச்செஸ்டரிலிருந்து:

நான் பாசிமணித் தையல் கற்றேன். வெல்வெட் துணியில் பூவும் இலையும் புடைத்து நிற்கும் வேலை. உள்ளே பஞ்சு வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஐந்து மணிகளுக்கு இடமுள்ள தூரத்தில் ஏழெட்டு மணிகளைக் கோத்து ஊசியைக் கீழே இறக்கினால், மிச்ச மணிகளுக்குப் படுக்க இடமில்லாமல் வரிசை வில்லாக எழும்புகிறது. அடுத்தடுத்து அப்படியே தைத்தால் இதழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹோடினோஷோனிப் பெண்கள் நயாகராவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளிடம் இப்படித் தைத்த ஊசிமெத்தைகளையும் பைகளையும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஒரே ஒரு இதழ் தைத்து முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் இந்த வேலைக்கு விலை பேசுபவர்கள் ஒரு மணி நேரம் இந்த ஊசியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கிரீன் பே பக்கத்திலிருந்து:

1820-களில் நியூயார்க்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒனைடாக்கள் இங்கே விஸ்கான்சினில் இருக்கிறார்கள். நான் பார்த்தது கூடை வேலை. சதுப்பு நிலத்தில் வளரும் பிளாக் ஆஷ் மரத்தின் பட்டையை உரித்துவிட்டு, அடிமரத்தை நெடுகக் கோடாரியின் பின்புறத்தால் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்க ஒவ்வோர் ஆண்டு வளையமும் தனித்தனி நாடாவாகக் கழன்று வருகிறது. ரம்பம் தேவையே இல்லை. அதைச் சுரண்டி வழவழப்பாக்கிப் பின்னுகிறார்கள். வெள்ளை மக்காச்சோளத்தை மரச்சாம்பலோடு வேகவைத்த பிறகு, தோல் கழல அலசுவதும் இந்தக் கூடையில்தான். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778-இல் வாலி ஃபோர்ஜ் முகாமில் பசியில் இருந்த வாஷிங்டனின் படைக்கு அந்தச் சோளத்தைச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவர் பாலி கூப்பர் என்ற ஒனைடாப் பெண் என்று இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் மரமே இப்போது ஆபத்தில் இருக்கிறது. 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை நிற வண்டு ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டே வருகிறது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் தின்று மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடுகின்றன. பின்னக் கற்றவர்கள் இருப்பார்கள், அடிக்க மரம் இருக்குமா என்பதுதான் என் கவலை.

சிரக்யூஸிலிருந்து மீண்டும்:

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நாம் செய்ததை ஒனைடா வேலை என்று சொல்லி விற்கக் கூடாது; பழங்குடியினர் கைவினை பற்றிய 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம். அடுத்தது, சடங்கு முகமூடிகளைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். அவை புனிதமானவை, விற்பனைக்கும் காட்சிக்கும் உரியவை அல்ல என்று கூட்டமைப்பின் தலைவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கற்றுத்தருவது, எதைத் தங்களோடு வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது அவர்கள் உரிமை.