பேருந்தின் பின்பக்கக் கேமரா மட்டும் நண்பகலில் உறைந்துவிடுகிறது: டிரைவர் மென்பொருளில் பிழையா?

தட்டாஞ்சாவடி வாசி:
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பேருந்துகளுக்கான நான்கு கேமராச் சுற்றுக்காட்சி அமைப்பு ஒன்றை உருவாக்கிவருகிறோம். லினக்ஸ் போர்டுக்கான கேமரா டிரைவரை, அதாவது கேமராவை இயக்கும் மென்பொருளை, நான் எழுதுகிறேன். ஒவ்வொரு கேமராவும் 1080பி, 12 பிட், நொடிக்கு 30 ஃபிரேம். படம், கேமராப் பக்கமுள்ள சீரியலைசரிலிருந்து (படத் தரவை ஒரே கேபிளில் அனுப்பும் சில்லு) கோஆக்சியல் கேபிள் வழியே டிசீரியலைசருக்கு (அதைப் பெற்று மீண்டும் பிரிக்கும் சில்லு) வந்து, அங்கிருந்து மற்ற மூன்றுடன் சேர்ந்து நான்கு லேன் (தரவுத்தடம்) கொண்ட சிஎஸ்ஐ-2 என்ற கேமரா இணைப்பு வழியே போர்டின் முதன்மைச் சிப்பை அடைகிறது. மேசையில் இரவு முழுவதும் ஓடவிட்டாலும் சிக்கலில்லை. ஆனால் வெயில் ஏறிய பிறகு கடலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தால், அரியாங்குப்பம் தாண்டிச் சிறிது நேரத்தில் பின்பக்கப் படம் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. ஃபிரேம் வராவிட்டால் சென்சாரை ரீசெட் செய்யும்படி டிரைவரில் சேர்த்தேன். 3 நொடிகளில் படம் திரும்பிவிடுகிறது. இதை இப்படியே விட்டுவிடலாமா?

கெடிலக்கரை:
விட வேண்டாம், நண்பரே. அமெரிக்காவில் 2018 மே முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள பின்பார்வை விதி, ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிகளுக்குள் படம் தெரிய வேண்டும் என்கிறது. அது சிறிய வாகனங்களுக்கான விதிதான் என்றாலும், உங்கள் 3 நொடி எவ்வளவு நீளமானது என்பதை அதை வைத்தே உணரலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த உறைந்த படம். திரை கறுத்துப்போனால் ஓட்டுநர் உடனே கண்ணாடியைப் பார்ப்பார். பழைய படம் நின்றால், பின்னால் குழந்தை வந்து நின்றாலும் இடம் காலியாக இருப்பதாகவே நம்பிப் பேருந்தை எடுப்பார். ஆகவே ஃபிரேம் எண் நகர்கிறதா என்று கண்காணித்து, நகராவிட்டால் உடனே திரையை மறைத்து எச்சரிக்கை காட்டுங்கள்.

அடுத்து, ரீசெட் செய்வதற்கு முன் டிசீரியலைசரின் லாக் நிலையையும் (கேபிளில் வரும் சிக்னலோடு அது ஒத்திசைந்திருக்கிறதா என்பதை) சிப்பிலுள்ள சிஎஸ்ஐ ரிசீவரின் சிஆர்சி பிழைக் கணக்கையும் (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கையை) பதிவு செய்யுங்கள். லாக் போகிறது என்றால் பிழை கேபிள் பக்கம். லாக் இருந்தும் சிஆர்சி ஏறுகிறது என்றால் சிஎஸ்ஐ பக்கம். இப்போது உங்கள் ரீசெட் அந்தத் தடயத்தையே அழித்துவிடுகிறது.

மஞ்சக்குப்பத்தார்:
டிரைவர் ரிசீவருக்குச் சொல்லும் லிங்க் அதிர்வெண்ணையும், அதாவது சிஎஸ்ஐ இணைப்பின் வேகத்தையும், பாருங்கள். படத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பிக்சல்களையும் (பிளாங்கிங்) சேர்த்து 2200 × 1125 × 30 என்றால் நொடிக்கு 7.425 கோடி பிக்சல். 12 பிட்டால் பெருக்கி நான்கு லேனுக்குப் பகிர்ந்தால் லேனுக்கு 222.75 மெகாபிட். இது சென்சாரின் கணக்கு. ஆனால் சிப்புடன் நேரே பேசுவது டிசீரியலைசர். அது லேனுக்கு 1600 மெகாபிட்டில் அனுப்பினால், ரிசீவருக்கு அந்த வேகத்தைத்தான் சொல்ல வேண்டும். சிஎஸ்ஐ-2-இன் மின்னிணைப்புத் தரமான டி-ஃபையில், செட்டில் நேரம் (தரவைப் படிக்கும் முன் ரிசீவர் காத்திருக்க வேண்டிய நேரம்) 1600-க்கு ஏறத்தாழ 89 முதல் 151 நானோநொடி, 222.75-க்கு 112 முதல் 190. பின்னதன் நடுப்புள்ளியை எடுத்தால் 151 வருகிறது, அதாவது முன்னதன் விளிம்பு. மேசையில் ஓடும், வெயிலில் தடுமாறும்.

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தார் சொல்வது நிச்சயம் திருத்த வேண்டிய பிழை. ஆனால் சிஎஸ்ஐ பாதை நான்கு கேமராக்களுக்கும் பொதுவானது. அது தடுமாறினால் நான்கும் பாதிக்கப்பட வேண்டும். பின்பக்கம் மட்டும் நிற்பதால், கேபிளை முதலில் அளந்து பாருங்கள். இத்தகைய இணைப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 மீட்டர்.

தட்டாஞ்சாவடி வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ரீசெட்டை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினோம். படம் நின்ற ஒவ்வொரு முறையும் பின்பக்க லாக்தான் போனது. சிஆர்சி கணக்கு பூஜ்யத்திலேயே இருந்தது. கேபிளை அளந்தால் 18 மீட்டர். மிச்சத்தைச் சுருட்டி, பின்பக்க எஞ்சினுக்கு மேலேயே கட்டிவைத்திருந்தார்கள். சூடேறச் சூடேறக் கேபிளில் சிக்னல் இன்னும் தேய்ந்திருக்கிறது. நடுவிலிருந்த இணைப்பானைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு; உப்புக்காற்றுக்கு அதன் ரப்பர் முத்திரை நிற்கவில்லை.

இடையில் இணைப்பே இல்லாத 13 மீட்டர் கேபிளைக் கூரையோரமாக இழுத்துவிட்டோம். மூன்று நண்பகல்கள் கடலூர் சென்று திரும்பியாயிற்று. லாக் ஒருமுறைகூடப் போகவில்லை. சாதன மரத்திலும் (போர்டின் வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் கோப்பு) சென்சாரின் அதிர்வெண்தான் இருந்தது; அதையும் டிசீரியலைசரின் வேகத்துக்கு மாற்றிவிட்டேன். உறைநிலைக் கண்காணிப்பு இப்போது மூன்று ஃபிரேம் தவறினாலே, அதாவது 100 மில்லிநொடியில், திரையை மறைக்கிறது.