சோறூட்டும்போது கதையா, கைபேசியா?

ஆரையம்பதி அம்மம்மா:
என் பேத்திக்கு நான்கு வயது. முன்னால் காணொளி ஓடினால்தான் வாய் திறக்கிறாள். என்ன கறி தின்றாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இலேயே சொல்லிவிட்டது. மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடுகிறது. தாய்மார் கைபேசியை எடுத்து வைத்துவிட்டுக் கதை சொல்ல வேண்டும். சாக்குச் சொல்லக்கூடாது.

களுவாஞ்சிகுடித் தாய்:
சாக்கு இல்லை அம்மா. கல்முனையில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்க ஆறரை. அடுப்பில் பிட்டு, இடுப்பில் சின்னவன், துவைக்கக் கிடக்கும் சீருடை. மகள் காணொளி பார்க்கும் இருபது நிமிடம்தான் எனக்கு மூச்சு. அதிலும் கதைதானே வருகிறது? தாய்மார் என்று எழுதுகிறீர்கள், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா?

வாவிக்கரை அப்பா:
தங்கச்சி கேட்டது நியாயம். ஆனால் காணொளியும் கதையும் ஒன்று என்பதை ஏற்கமாட்டேன். நிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று மகனுக்குச் சொன்னேன். விடிந்து பார்த்தால் கிணற்றடி வாளிக்குள் அகப்பையை விட்டு, காம்பில் காதை வைத்தபடி குந்தியிருக்கிறான். "இதற்குள் மீன் இல்லையே" என்றேன். "தண்ணீர் தனியாகப் பாடாதா அப்பா?" என்றான். அன்றிரவு கதையையே மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளை குறுக்கே கேட்க, நாம் கதையைத் திருப்ப, அங்கேதான் பேச்சு வளர்கிறது. காணொளி யாருக்காகவும் நிற்பதில்லை.

ஆரையம்பதி அம்மம்மா:
நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. அம்மம்மா அதே வளவில்தான் இருப்பாள். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில், அம்மன் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை படிக்கும்போது அவள் மடியில் கிடந்து கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அம்மம்மாவிடம் விடுங்களேன்.

களுவாஞ்சிகுடித் தாய்:
என் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கைபேசியில்தான் பேத்திக்கு நரிக்கதை சொல்கிறார். அதையும் திரைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

வாவிக்கரை அப்பா:
சேர்க்கமாட்டேன். மகள் கேட்டால் அவர் பதில் சொல்கிறாரே. பிள்ளையின் தகப்பன் எத்தனை மணிக்கு வருவார்?

களுவாஞ்சிகுடித் தாய்:
ஏழுக்கு. தேங்காய் துருவத் தெரியும், பிட்டு அவிக்கத் தெரியாது. இன்று அடுப்படியை அவரிடம் கொடுத்துப் பார்க்கிறேன் அண்ணன். ஆனால் அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுப்பதாக நான் சொல்லவில்லை.