தயிர்ச் சட்டியில் துளை போடுவது எப்படி?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியின் நான்காம் தளத்தில் இருக்கிறோம். எருமைத் தயிர் வாங்கி வாங்கி மண்சட்டிகள் பதினொன்று சேர்ந்துவிட்டன. எறிய மனம் வரவில்லை. அடியில் துளையிட்டு வல்லாரை நடலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். மூன்று சட்டிகள் பிளந்துவிட்டன. (ஓட்டுத் துண்டுகளை மற்றச் சட்டிகளுக்குள் போட எடுத்து வைத்திருக்கிறேன்.) ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து டிரில்லால் மெதுவாகத் துளைத்தால் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல்கனியில் ஒரு வாளியில் மரக்கறித் தோலும் தேங்காய்ப்பூச் சக்கையும் போட்டுப் பசளை செய்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து ஒரே நாற்றம். பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார். காய்ந்த இலையோ தும்புத்தூளோ (தேங்காய் நார்த்தூள்) கலந்தால் ஈரத்தை இழுக்கும் என்று தெரியும். நான்காம் மாடியில் இலைக்கு எங்கே போவது? தும்புத்தூள் கிலோக் கணக்கில், மூட்டையாக இல்லாமல், இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்?