சூடானதும் ஐட்லிங்கில் குலுங்கி நின்றுவிடும் பெட்ரோல் கார்: எங்கே தேடுவது?

வணக்கம் நண்பர்களே, விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமில்லாமல் ஓடுகிறது. எஞ்சின் சூடாகி ஆர்பிஎம் இறங்கியதும் தொல்லை தொடங்குகிறது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை குலுங்கல். ஏசி போட்டிருந்தால் சில சமயம் அப்படியே நின்றுவிடும். உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, மேட்டிலும் நன்றாக இழுக்கிறது.

ஸ்கேனரில் வந்த கோட் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாக எரியாதது) கோட் எதுவும் இல்லை. ஐட்லிங்கில் ஃபியூல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டல் 20 சதவீதத்தைத் தொடுகிறது. ஆக்சிலரேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் புதிது. த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று.

மெக்கானிக் ஃபியூல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பம்ப் பலவீனமாக இருந்தால் லோடு ஏறும்போதுதானே திணற வேண்டும்? உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு கசிவு வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன்.

இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) கேஸ்கெட், பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு), பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ்: இவற்றில் முதலில் எதைப் பார்ப்பது? நேராக ஸ்மோக் டெஸ்ட்டுக்கே (புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) போய்விடலாமா? சூடான பிறகு மட்டும் கசிவு காட்டிய அனுபவம் யாருக்காவது இருந்தால், கடைசியில் எது காரணமாக இருந்தது என்று சொல்லுங்கள். பம்ப்தான் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.