வடக்குச் சுவர் புகையைத் தின்னுமா?

சுவர்க்கோழி:
தூரிகை நேற்று இட்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது. காரணம் காற்று மாசு அல்ல. குடியிருப்பு மக்கள் கூடித் திட்டமிட்டு, பஸ் திரும்பும் முனையில் உள்ள மூன்று மாடிச் சுவரில் தூய காற்றைப் பற்றி ஓவியம் வரைந்தார்கள். வரையட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவர் எழுதியிருக்கும் வரி இது: "இந்தச் சுவர் புகையைத் தின்னும். நூறு மரங்களுக்குச் சமம்." ஐயா, அந்த விசேஷ பெயின்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலை செய்யும். சுவரோ வடக்குப் பார்த்தது. எதிர்க் கட்டடத்தில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன், அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு எதைத் தின்னும், எப்படித் தின்னும்?

தூரிகை:
இன்னும் காணோமே என்று நினைத்தேன், வந்துவிட்டார். ஆறு வாரம் கூட்டம் போட்டோம். பதினோரு மாதிரிகள் வந்தன, வாக்கெடுத்து ஒன்றைத் தேர்ந்தோம். கட்டம் போட்டுச் சுவரில் ஏற்றினோம். எட்டு வயதுப் பிள்ளை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை வண்ணம் பூசினார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் மட்டும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பெயின்ட் விஷயம் நான் இட்டுக்கட்டியது அல்ல. 1972-லேயே ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானியர்கள் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று காட்டினார்கள். ரோம் நகரில் ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 2003-இல் திறந்த தேவாலயத்தின் சிமென்டிலேயே இதைக் கலந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

சுவர்க்கோழி:
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தேவாலயத்தின் வெள்ளை, வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதற்காகக் கலந்தது அது. ஊர்க்காற்றைக் கழுவுவதற்காக அல்ல. 1972-இல் பிரிந்தது தண்ணீர், பஸ் புகை அல்ல. அதுவும் ஒளி பட்டுப் பிரிந்தது. ஒளி! உங்கள் சுவர் வடக்குப் பார்த்தது. கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்கிறீர்களா? அறிவிப்பை ஒட்டிய இடம், நான்கு மாதமாக ஓடாத லிஃப்டின் உட்பக்கம்.

மெல்லக்கேள்:
அந்த ஓவியத்தில் என்னதான் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்களேன். நான் இன்னும் பார்க்கவில்லை.

தூரிகை:
சுவரில் மேலிருந்து கீழே ஒரு மழைநீர்க் குழாய் இறங்குகிறது. அதையே மூச்சுக்குழாயாக ஆக்கினோம். இரண்டு பக்கமும் கிளை பிரிந்து இலை இலையாக நுரையீரல். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. அந்த மடல் கணக்கைச் சொன்னது ஆறாம் வகுப்புச் சிறுமி. இலைகள் எல்லாம் பிள்ளைகளின் உள்ளங்கைப் பதிவு. மேலே பச்சை, பஸ் நிற்கும் பக்கம் வர வரச் சாம்பல் நிறம். அடியில் "தூயக் காற்று நம் உரிமை" என்ற வரி.

ஒற்றுப்புலவர்:
அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தூய" என்பது பெயரெச்சம். அதன் பின் ஒற்று மிகாது. "தூய காற்று" என்றுதான் எழுத வேண்டும். மூன்று மாடி உயரச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு "க்" எழுதி வைத்திருக்கிறீர்கள். காற்றில் உள்ள மாசை விடுங்கள், முதலில் தமிழில் உள்ள மாசை நீக்குங்கள்.

தூரிகை:
நாற்பது பேர் உழைப்பில் உங்கள் கண்ணில் பட்டது ஒரு புள்ளி வைத்த எழுத்து. வணங்குகிறேன்.

ஒற்றுப்புலவர்:
வணக்கம் வேண்டாம், திருத்தம் வேண்டும்.

ஆய்வகத்து அணில்:
வேதியியல் படித்தவள் என்ற முறையில் இடையே வருகிறேன். நேர் வெயில் படாத சுவருக்கும் புற ஊதாக் கதிர் வானத்திலிருந்து சிதறி வரும். எனவே வடக்குச் சுவர் முழுக்கச் செத்த சுவர் என்பது தவறு. அந்த வினையில் வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் நைட்ரேட் என்ற உப்பாக மாறிச் சுவரில் தங்கும், மழை வந்து கழுவும். ஆனால் சுவரைத் தொட்டுப் போகிற காற்றுக்கு மட்டும்தான் இது நடக்கும். தெருவில் ஓடும் காற்றில் அது எவ்வளவு? பிரிட்டன் அரசின் காற்றுத் தர நிபுணர் குழு 2016-இல் இத்தகைய பெயின்டுகளை ஆராய்ந்து, பெரிய அளவில் பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் சொன்னது.

தூரிகை:
பார்த்தீர்களா, வடக்குச் சுவரும் வேலை செய்யும் என்று படித்தவரே சொல்லிவிட்டார்.

சுவர்க்கோழி:
பார்த்தீர்களா, பயனுக்குச் சான்று இல்லை என்று படித்தவரே சொல்லிவிட்டார்.

ஆய்வகத்து அணில்:
நான் இரண்டு பேர் பக்கமும் இல்லை.

சுவர்க்கோழி:
அம்மா, நீங்கள் என் பக்கம்தான், உங்களுக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சாதாரண வெள்ளை பெயின்டிலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இருக்கிறது. ரூட்டைல் என்ற வகை. வெள்ளையடித்த வீடெல்லாம் புகை தின்கிறதா? தின்பது அனடேஸ் வகை. இவர்கள் பூசியது எந்த வகை என்று டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். சரி, அனடேஸ் என்றே வைத்துக்கொள்வோம். டீசல் புகையில் நுரையீரலுக்கு எமன் 2.5 மைக்ரான் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்தத் துகளில் நிறையக் கரி. பெயின்ட் அதைத் தொடாது. நேற்று மாலை கீழே இறங்கிப் போய், சாம்பல் இலையில் ஒன்றின் மேல் விரலை வைத்து இழுத்தேன். விரலில் மை மாதிரி ஒட்டியது. தின்கிற சுவருக்கு வாய் துடைத்துக்கொள்ளத் தெரியாதா? சுவர் வடக்குப் பார்த்தது, அதுதான் காரணம்.

தூரிகை:
பிள்ளையின் கைப்பதிவில் விரலை வைத்துத் தேய்த்துவிட்டு அதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். வெப்ப மண்டலத்தில் வடக்குச் சுவருக்கும் வருடத்தில் சில மாதம் நேர் வெயில் உண்டு. உத்தராயணம் கேள்விப்பட்டதில்லையா?

சுவர்க்கோழி:
உத்தராயணம் என்பது சூரியன் வடக்கு நோக்கி நகரும் காலம். வடக்கே நிற்கும் காலம் அல்ல. தொடங்கும்போது சூரியன் தென்கோடியில் இருக்கும். இது தெரியாமல் சுவர் வரைய வந்துவிட்டார்கள்.

நேர்வாதி:
சுவர்க்கோழி அவர்களே, போன வருடம் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி பற்றிய விவாதத்தில், ஓசோன் வெளியிடும் கருவி வீட்டுக்கு நல்லது என்று எழுதியவர் நீங்கள்தானே? வானத்தின் உயரத்தில் காக்கிற ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும் என்று அன்று நான் சொன்னபோது என்னைக் "கத்துக்குட்டி" என்றீர்கள். மறக்கவில்லை.

சுவர்க்கோழி:
அன்று "அளவோடு" என்ற சொல்லையும் எழுதியிருந்தேன். அதை மட்டும் மறந்துவிட்டீர்கள். இந்த இழையில் ஓசோன் எதற்கு? சுவர் எந்தத் திசை, அதைச் சொல்லுங்கள்.

மெல்லக்கேள்:
இன்று போய்ப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் "5" என்று சிறியதாக எழுதியிருக்கிறது. அருகில் நின்ற சிறுவன் விளக்கினான். ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரான் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 10-லிருந்து குறைத்தது என்றான். "என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்" என்ற வரியும் இருக்கிறது. நான் நின்ற கால் மணி நேரத்தில் இரண்டு பள்ளி வேன்கள் அணைத்துவிட்டு நின்றன. மூன்றாவது அணைக்கவில்லை. இதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

சுவர்க்கோழி:
வேன்காரர் அணைத்தால் அது வேன்காரரின் சாதனை. தூரிகை எழுதியது "வேன்காரர் அணைப்பார்" என்றா? "சுவர் தின்னும்" என்று.

ஒற்றுப்புலவர்:
"க்" இன்னும் அங்கேயே இருக்கிறதா?

மெல்லக்கேள்:
இருக்கிறது. புள்ளியின் மேல் ஒரு பட்டாம்பூச்சி வரைந்திருக்கிறார்கள்.

தூரிகை:
நூறு மரம் என்பது பெயின்ட் டப்பாவில் அச்சிட்டிருந்தது. நான் கணக்குப் போட்டதில்லை. அதனால் ஓவியம் பொய்யாகிவிடுமா?

சுவர்க்கோழி:
டப்பாவைப் பார்த்து எழுதினேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். எத்தனை சதுர அடிக்கு நூறு மரம், எந்த மரம், தென்னையா ஆலமரமா, டப்பாவில் இருக்கிறதா? படம் பிடித்துப் போடுங்கள்.

நேர்வாதி:
இப்போதுதான் சுவரருகே நின்று கைப்பேசித் திசைகாட்டியைப் பார்த்தேன். வடக்கு அல்ல, வடமேற்கு. மாலை வெயில் சாய்வாக விழும்.

சுவர்க்கோழி:
கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, பக்கத்திலேயே குழாய். திசைகாட்டி கோணாமல் என்ன செய்யும்? பத்து அடி தள்ளி நின்று பாருங்கள்.

நேர்வாதி:
பதினைந்து அடி தள்ளி நின்றேன். வடமேற்கு.

சுவர்க்கோழி:
வடமேற்கிலும் முதலில் வருவது வடக்குதான்.