கை சுத்தம்தான், துண்டுதான் ஈரம்

கோத்தகிரி பக்கம், அம்மாவுக்குப் பை மாற்றுபவன்:

அம்மாவுக்கு வயிற்று டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது வருஷம். சிறுநீரகத்தின் வேலைக்குப் பதிலாக, பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் ஏற்றி, பிறகு கழிவோடு வேறு பையில் வடித்தெடுப்பது. நாளைக்கு நாலு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். ஜன்னலை மூடி, மாஸ்க் போட்டு, மோதிரத்தைக் கழற்றி, சோப்புப் போட்டு ஒரு நிமிஷம் தேய்த்துக் கழுவுவேன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, வடிந்த பை கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. அடியில் பேப்பரை வைத்துப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை. அம்மா லேசாக வயிற்றுவலி என்றதோடு சரி. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கினோம். பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றின் உள்ளுறையில் கிருமித் தொற்று. பையிலேயே ஆன்டிபயாட்டிக் கலந்து ஏற்றினார்கள்.

அங்கிருந்த சிஸ்டர் திட்டவில்லை. "வீட்டுல எப்படியோ அப்படியே கழுவிக் காட்டுங்க தம்பி" என்றார். காட்டினேன். "தண்ணிக் குழாயை எதால மூடுனீங்க?" கழுவின கையால்தான். "வீட்டுல எதுல துடைப்பீங்க?" கதவில் தொங்கும் துண்டில். "அது காயுதா?"

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் எது காயும்? நாலு நாள் கொடியில் கிடந்தாலும் சில்லென்று மக்கல் வாடைதான். அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும், ஈரத் துண்டில் வளரவே செய்யும் என்றார் சிஸ்டர்.

இப்போது பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து, துவைத்து, இஸ்திரி போட்டு டப்பாவில் மூடி வைக்கிறேன். பைக்கு ஒன்று. விரலிடுக்கு வரை ஒற்றியெடுத்து, அதே துணியால் தண்ணீர்க் குழாயை மூடி, துணியை அழுக்குக் கூடையில் போட்டுவிடுவேன். அப்புறம் சானிடைசர், தானாகக் காயும் வரை தேய்ப்பு. கரண்ட் போகும் நாளுக்காகப் பத்துத் துணி கூடுதலாக இருக்கும். கந்தலுக்கு இஸ்திரியா என்று சித்தி சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஊட்டி, நானே நோயாளி:

எனக்குப் பிரச்சினை துண்டு இல்லை, கை வெடிப்பு. தை மாத உறைபனியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் விரல் கணுவெல்லாம் பிளந்துவிட்டது. கை தாங்கும் சூட்டில் கிருமி எங்கே சாகிறது? சோப்பும் தேய்ப்பும்தான் அதை எடுக்கின்றன. இப்போது வெதுவெதுப்போடு சரி. கிரீம், ராத்திரி கடைசிப் பை முடிந்த பிறகு.

குன்னூர்:

சானிடைசர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் அப்பா அதைத் தடவின ஈரத்தோடு கணப்புச் சட்டியில் குளிர்காயக் கையை நீட்டினார். பாய்ந்து இழுத்தேன். அது ஸ்பிரிட் அல்லவா, குப்பென்று பிடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து கணப்பு அடுத்த அறையில்.